மீசைக்கு ஒரு விரால்

வில்லியனூர் மாதா கோயில் தேர் நாளுக்குள் ஊசுட்டேரியில் ஒரு விரால் மீன் பிடிக்க வேண்டும். தன் கையால், தன் தூண்டிலில். பிடித்துவிட்டால் சகலை சவரிராயனின் மீசை போகும். பிடிக்காவிட்டால் அல்போன்ஸின் மீசை போகும்.

பந்தயம் இவ்வளவுதான். ஈஸ்டர் என்கிற பாஸ்குப் பண்டிகை விருந்தில், நிறைந்த வயிறும் காலிப் புத்தியுமாக, இரண்டு பெரிய மனிதர்கள் கையடித்து முடித்த பந்தயம்.

அல்போன்ஸின் மீசை சாமானியப்பட்ட மீசை அல்ல. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் அவருக்குக் காலி பாட்டில் வியாபாரம். வெள்ளைக்காரத் துரைமார் குடித்துப்போட்ட ஒயின் பாட்டில்களை வாங்கி, கழுவி, எண்ணெய்க்காரனுக்கும் மருந்துக்காரனுக்கும் விற்பார். பள்ளிக்கூட வாசலை மழைக்குக்கூட மிதித்தவரில்லை. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகக் கூவி, நாய்க்கடி பட்டு, ஏமாந்து, ஏமாற்றிக் கற்றதுதான் படிப்பு. பேரத்தில் உட்கார்ந்தால் வாய் பாதி பேசும், மீசை மீதி பேசும். வலது முனையை முறுக்கினால் எதிராளிக்குத் தொண்டை வறளும். இடது முனையையும் முறுக்கினால் விலை தானே இறங்கி வந்து காலடியில் குந்திக்கொள்ளும். அந்த மீசை போனால் நாளைக்குப் பாட்டில் விற்கிற துரை வீட்டுச் சமையல்காரன் ஒருவன் மதிப்பானா? ஒரு பாட்டில் படியுமா?

எல்லாம் ஒரு குழம்பால் வந்தது.

விருந்து வில்லியனூரில் சகலை வீட்டில். சவரிராயனின் மனைவி பெர்னதெத், அல்போன்ஸின் மனைவி அகஸ்டினாவுக்கு உடன்பிறந்த தங்கை. அக்காள் தங்கை இருவருமே ஏரிக்கரையில் பிறந்து, ஏரி மீனைத் தின்று வளர்ந்தவர்கள். அந்த வருஷம் ஏரியின் மீன் குத்தகை வேறு சவரிராயன் கையில். இலையில் விரால் குழம்பு மணந்தது.

“குழம்பு எப்படி சகலை?” என்றார் சவரிராயன்.

“மீனு நல்லாத்தான் இருக்குது. என்னா விலைக்கு வாங்கினே?”

“வாங்கறதா? நானே பிடிச்சது. உங்களுக்கு எதைப் பாத்தாலும் விலைதான். பொறந்ததுலேர்ந்து நீங்களாப் பிடிச்சது ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.”

அடுப்பங்கரையிலிருந்து பெர்னதெத் குரல் கொடுத்தாள். “ஏன், மாமாவுக்கு மழைக்காலத்துல சளி பிடிக்குமே!”

பந்தி முழுக்கச் சிரித்தது. அகஸ்டினாவும் முந்தானைக்குள் சிரித்தாள். அல்போன்ஸுக்குச் சோறு இறங்கவில்லை. மீசை முனைகள் இரண்டும் காளைக் கொம்பு மாதிரி எழுந்து நின்றன. அடுத்த நிமிஷம் கையடித்துவிட்டார். சவரிராயனுக்கும் அவருக்குக் கொஞ்சமும் குறையாத மீசை இருந்தபடியால் பந்தயம் சரிசமமாகவே முடிந்தது.

வீடு திரும்பியதும் அகஸ்டினா ஆறுதல் சொன்னாள்.

“போனா போவுது விடுங்க. மயிருதானே? மழை பேஞ்சா புல்லு மொளைக்காதா?”

“அடியே, வாயை மூடு! இது மயிரில்லைடி. என் கடையோட போர்டு!”

“அந்த போர்டுலதான் தெனம் கஞ்சி ஒட்டிக்கினு கெடக்குது.”

அல்போன்ஸ் கையில் கிடைத்த செம்பை எறிந்தார். செம்பு சுவரில் பட்டு நசுங்கியது. “நசுங்கின செம்பை எவன் வாங்குவான்?” என்று அதற்கும் அவரே கத்தினார்.

வாழ்க்கை அவருக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்த சூத்திரம் ஒன்று உண்டு. எதிராளி ‘வேண்டாம்’ என்பதில்தான் சரக்கு இருக்கிறது. ஒரு துரை வீட்டுச் சமையல்காரன் ‘அந்த மூலைச் சாக்கைத் தொடாதே’ என்றால், அந்த மூலைச் சாக்குதான் வாங்க வேண்டிய சாக்கு. இந்தச் சூத்திரத்தால் கடை வளர்ந்தது. கல்யாணமான முதல் வாரத்திலேயே அகஸ்டினா இதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அவளுக்குக் கத்தரிக்காய் வேண்டுமானால், “கத்தரிக்காயை மட்டும் வாங்கிக்கினு வந்துடாதீங்க” என்பாள். அன்றைக்கு வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு.

மறுநாள் அல்போன்ஸ் கடையை மதியத்தோடு மூடினார். மூங்கில் கழி, தூண்டில் நரம்பு, நெட்டித் தக்கை, முள், எல்லாம் பேரம் பேசி வாங்கியாகிவிட்டது. சைக்கிளை மிதித்துக்கொண்டு ஏரிக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில்.

சித்திரை மாத ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? கரையோரமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தண்ணீர் உள்ளே உள்ளே ஒதுங்கிப்போய், மேலே கை வைத்தால் கஞ்சித் தொட்டி மாதிரி சுடும். புத்தியுள்ள மீன் ஆழத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். புத்தியில்லாத கெண்டைப் பொடிசுகள் மட்டும் மேலே திரியும். அதைத்தான் பிடிப்போம், விராலுக்கு முன்னால் கொஞ்சம் சில்லறை வியாபாரம் ஆகட்டும் என்று அவர் மாவைப் பிசைந்து முள்ளில் உருட்டிப் போட்டார்.

தக்கை ஆடியது. சுண்டி இழுக்க வேண்டிய நேரம். அல்போன்ஸ் இழுக்கவில்லை. முதல் விலைக்கு ஒத்துக்கொள்வது அவர் வம்சத்திலேயே கிடையாது. தக்கை மறுபடி ஆடியது. “ஏறி வாடா, இன்னும் ஏறி வா” என்று மீசையை முறுக்கினார். தக்கை நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தால் முள் பளபளவென்று துலக்கி வைத்த மாதிரி இருந்தது. சாயங்காலத்துக்குள் பிசைந்த மாவு பூராவும் தீர்ந்தது. கெண்டைக் குலமே பசியாறிப் போயிற்று.

பனைமரத்தடியில் ஏரிக் காவல்காரன் கண்ணையன் குந்தியிருந்தான். சவரிராயன் வைத்த ஆள்; பந்தயத்துக்குச் சாட்சியும் அவனே.

“ஐயா, நாளைக்குத் தொட்டுக்க ஏதாச்சும் கொண்டாங்க. வெறும் மாவுன்னா மீனுங்களுக்கு எறங்கலையாம்.”

தலை வழுக்கை, தொப்பியும் கிடையாது. வீடு வந்தபோது மண்டை செங்கல் சூளை மாதிரி இருந்தது. அகஸ்டினா ஈரத்துணியைப் போட்டபடி பரிதாபமாகச் சொன்னாள்.

“வெயில்லயே போங்க, பரவாயில்ல. விடியக்காலையில மட்டும் போவாதீங்க. பனி உங்களுக்கு ஒத்துக்காது.”

“சித்திரையில ஏதுடி பனி? நான் விடியக்காலையிலதான் போவேன்!”

“ஐயோ, போறதுதான் போறீங்க. மண்புழுவைத் தொட்டுட்டு வூட்டுக்குள்ள வராதீங்க.”

மறுநாள் அல்போன்ஸ் ஒரு கொட்டாங்கச்சி நிறைய மண்புழுவோடு, கோழி கூவும்முன் கிளம்பினார்.

அன்றைக்குக் கெளுத்தி மாட்டியது. அடிச் சேற்றில் புழுவைத் தேடித் திரிகிற ஜாதி. கொத்திப் பார்ப்பது, கொறிப்பது எல்லாம் அதற்குத் தெரியாது, ஒரே முழுங்கு. கழி வளைந்தது. தூக்கினார். கறுப்பாக, மீசையோடு, ஏறக்குறைய அவர் ஜாடையாகவே ஒரு மீன்! சந்தோஷத்தில் அதைக் கையால் வாரி அணைத்தார். கெளுத்திக்கு மூன்று இடத்தில் முள் உண்டு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அவர் போட்ட கூச்சலில் ஏரியிலிருந்த நாரையெல்லாம் எழுந்து சங்கராபரணி ஆற்றுப்பக்கம் பறந்துபோயிற்று.

கை புரோட்டா மாவு மாதிரி உப்பியது. அகஸ்டினா சுண்ணாம்பு தடவினாள். குழம்பும் வைத்தாள். இடது கையால் சாப்பிட்டாலும் அல்போன்ஸ் ராஜா மாதிரி சாப்பிட்டார். பிறந்ததிலிருந்து தானாகப் பிடித்த முதல் உருப்படி! தெருவில் போனவன் வந்தவனையெல்லாம் கூப்பிட்டு வீங்கின கையைக் காட்டினார்.

ஆனால் பந்தயம் விராலுக்கு. விரால் வேறு ஜாதி. அது மீனில் ஜமீன்தார். அல்லி இலைக்குக் கீழே நிழலில் படுத்திருக்கும். மூச்சு வாங்க மட்டும் மேலே வந்து ‘பொளக்’ என்று ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் போகும். மாவு, புழு இதையெல்லாம் ஏறெடுத்தும் பாராது. உயிரோடு தவளை வேண்டும்.

தவளையும் போட்டார். விராலும் வந்தது. தவளையைக் கவ்விக்கொண்டு அது திரும்பியதும் அல்போன்ஸுக்கு ரத்தம் தலைக்கேறியது. “அகப்பட்டியாடா!” என்று வெறிகொண்டு இழுத்தார். தவளை மட்டும் பறந்துவந்து அவர் மார்பில் விழுந்தது. கெண்டையிடம் பொறுத்துக் கெட்டவர், விராலிடம் பொறுக்காமல் கெட்டார். அன்றைக்கு, மறுநாள், அதற்கடுத்த நாள் எல்லாம் இதே கதை.

“ஐயா,” என்றான் கண்ணையன், “அந்தத் தவளை உங்களுக்குப் பழகிப்போச்சு. பேரு வெச்சிடுங்க.”

தேருக்கு இன்னும் இரண்டே நாள். வில்லியனூரில் சவரிராயன் கண்ணாடி முன் நின்று தன் மீசைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது.

அப்போதுதான் அல்போன்ஸுக்கு அந்த யோசனை உதித்தது. விரால் பானைத் தண்ணீரில் நாள் கணக்கில் உயிரோடு கிடக்கும். மார்க்கெட்டில் ஒன்றை ரகசியமாக வாங்கி, ஏரியில் முள்ளில் மாட்டி, தண்ணீரில் விட்டு, கண்ணையன் கண்ணெதிரே இழுத்தால் எவனுக்குத் தெரியும்?

மீன்காரி குஞ்சம்மாளிடம் போய்க் குனிந்து, காதோடு காதாக, “விரால் இருக்குதா?” என்றார். இருந்தது. முழங்கை நீளத்துக்கு. அவளும் காதோடு காதாக ஒரு விலை சொன்னாள்.

காசை எடுத்து நீட்டியிருந்தால் காரியம் முடிந்தது. எடுக்கத்தான் போனார். ஆனால் கை மடிக்குப் போகாமல் மீசைக்குப் போயிற்று. வலது முனையை முறுக்கியது.

“பாதிக்குத் தர்றியா?”

“பாதியா? வால் பாதியா தலை பாதியா?”

“ஏரியில சும்மாக் கெடக்கிற மீனுக்கு இந்த விலையா?”

“சும்மாக் கெடந்தா நீ போய்ப் பிடிச்சுக்க வேண்டியதுதானேய்யா!” குஞ்சம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். அவள் எழுந்து நின்றால் கடற்கரை வரைக்கும் கேட்கும். “ஏ, இங்க வாங்கடி! சகலையோட மீசைப் பந்தயம் கட்டின பாட்டில்கார ஐயா, விரால் வாங்க வந்திருக்காரு!”

கறிக்கடைக்காரன் வந்தான். பூக்காரி வந்தாள். ஆளை ஏற்றித் தள்ளிக்கொண்டு போகிற புஷ் வண்டிக்காரன் வண்டியை இறக்கிவிட்டு வந்தான். அந்தச் சந்தடியில் ஒரு துரை வீட்டுச் சமையல்காரன், சொன்ன விலையைக் கொடுத்து விராலைத் தூக்கிக்கொண்டு போயே விட்டான். அல்போன்ஸ் மார்க்கெட்டின் பின்வாசல் வழியாக வெளியே வந்தார்.

தேருக்கு முதல் நாள் புருஷனும் பெண்டாட்டியும் வில்லியனூர் போய்ச் சகலை வீட்டில் இறங்கினார்கள். அகஸ்டினாவும் பெர்னதெத்தும் பகலெல்லாம் கோயில், குளம், கடைத்தெரு என்று கைகோத்துச் சுற்றிவிட்டு வந்தார்கள். படுக்கப் போகும்முன் அகஸ்டினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு ஒருநாள்தான். போறதுன்னா போங்க. மதகுக்குக் கெழக்க அல்லி மண்டிக் கெடக்குது பாருங்க, அந்தப் பக்கம் மட்டும் வேணாம். எங்கப்பாரே அங்க தூண்டி போடமாட்டாரு.”

“ம்.”

“அப்பறம், விரால் கவ்விச்சுன்னா யோசிக்காதீங்க. ஒடனே வெடுக்குனு இழுத்துடுங்க. நரம்பைத் தளத்தி விட்டீங்களோ, பாவி மீனு நல்லா முழுங்கிடும்.”

“ம்ம்.” அல்போன்ஸ் இருட்டில் புன்னகை செய்தார். ‘பெண்புத்தி பின்புத்தி’ என்று திருப்தியாகத் தூங்கினார்.

விடிந்தும் விடியாத வெளிச்சம். மதகுக்குக் கிழக்கே அல்லிக்கூட்டம். தண்ணீர் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. தவளையை இலைகளுக்கு நடுவே மெதுவாக இறக்கினார். அது இரண்டு தரம் காலை உதைத்தது. இலை ஒன்று நடுங்கியது.

‘சளப்!’

ரத்தம் தலைக்கேறியது. கை கழியை வெடுக்கென்று இழுக்கப் போனது. ‘இழுத்துடுங்க’ என்று சொன்னாளே அந்த வேண்டாத ஆலோசனைக்காரி! நான் இழுப்பேனா? இது என்ன, பேரம்தானே? நல்ல சரக்கைக் கண்டால் என்ன செய்வோம்? ‘எனக்கு வேண்டாம்ப்பா, வேற எடம் பாக்கறேன்’ என்று துண்டை உதறி எழுந்து நாலு அடி நடப்போம். எதிராளி தானே பின்னால் ஓடி வருவான்.

அல்போன்ஸ் நரம்பைத் தளர்த்திவிட்டார். முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். “ஏன் கண்ணையா, இந்த வருஷம் மாம்பழம் எப்படி?” என்று விசாரிக்கக்கூடச் செய்தார். கண்ணையன் வாயைப் பிளந்தான். நரம்பு உள்ளே போயிற்று, போயிற்று, நின்றது. விரால் சாவகாசமாக முழுங்கியது. நரம்பு மறுபடி நகர ஆரம்பித்தது.

“பேரம் படிஞ்சுதுடா!” என்று ஏரி அதிரக் கத்தி இழுத்தார் அல்போன்ஸ்.

கழி வில்லாய் வளைந்து பட்டென்று முறிந்தது. நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் குதித்தார். முழங்கால் வரை சேறு. விரால் இழுத்தது, அவர் இழுத்தார். அது தாவியது, அவரும் தாவினார். வாலால் கன்னத்தில் ஓர் அறை விட்டது. “என்னையே அடிக்கிறியா? எத்தனை பேர்கிட்ட அடி வாங்கி வளர்ந்தவன் தெரியுமா நானு!” என்று அதன் மேல் விழுந்து, கட்டிப் புரண்டு, கரைக்கு உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். முழங்கையைத் தாண்டிய நீளம்! குஞ்சம்மாளின் மீன் இதற்குப் பேரன் முறை ஆகவேண்டும்.

அதற்குப் பிறகு வில்லியனூருக்கு அவர் நடந்ததை நடை என்று சொல்லக்கூடாது. ஊர்வலம். முறிந்த கழியில் விராலைக் கோத்துத் தோளில் வைத்துக்கொண்டு, தலை முதல் கால்வரை சேறு பூசி, மீசையை மட்டும் கழுவி முறுக்கிவிட்டுக்கொண்டு, கண்ணையன் பின்னால் வர, தேர்க்கூட்டத்தின் நடுவே போனார். கோயில் பாண்டு வாத்தியம் முழங்கியது. தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் தலையசைத்தார். ஜனங்கள் வழிவிட்டார்கள். சேறு படாமல் ஒதுங்கினார்கள் என்று சொல்பவன் பொறாமைக்காரன்.

கோயில் குளத்தருகே, நேர்த்திக்கடனுக்கு முடி கொடுக்கிற பந்தலில் சவரிராயன் நின்றிருந்தார். மீனைப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

“கண்ணையா, கண்ணால பாத்தியா?”

“பாத்தேன் ஐயா. இவரு மீனைப் பிடிச்சாரா, மீனு இவரைப் பிடிச்சிதான்னு மொதல்ல தெரியல. கடைசியில இவருதான் மேல இருந்தாரு.”

சவரிராயன் நாவிதர் கன்னியப்பன் எதிரே மணையில் உட்கார்ந்தார். கத்தி ஏறி இறங்கியது. அல்போன்ஸ் கூட்டத்தைப் பார்த்து முழங்கினார்.

“நல்லாப் பாத்துக்குங்கப்பா! பொறந்ததுலேர்ந்து நான் ஒண்ணும் பிடிக்கலையாம்! பேரத்துல கையடிச்சா அடிச்சதுதான். பின்வாங்கறவன் ஆம்பளையே இல்ல!”

“நல்லாச் சொன்னீங்க,” என்றாள் அகஸ்டினா. கையில் மெழுகுவத்தியோடு எப்போது வந்தாளோ. “அவரு எழுந்ததும் நீங்க உக்காருங்க.”

“நானா? நான் ஜெயிச்சவன்டி!”

“ஜெயிச்சதாலதான். விரால் கெடைச்சா உங்க முடியைக் காணிக்கையாக் குடுக்கறேன்னு மாதாவுக்கு நேர்ந்துக்கினேன். தலையில எங்க இருக்குது முடி? இருக்கிறதைத்தானே குடுக்கணும்?”

“என் மீசையை நேர்ந்துக்க நீ யாருடி?”

“பின்ன என் மீசையையா நேர்ந்துக்க முடியும்?”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பெர்னதெத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அல்போன்ஸ் குரலைத் தாழ்த்தினார்.

“என் ஒசரத்துக்கு ஒரு மெழுகுவத்தி வெச்சுடலாம்.”

“ம்ஹும்.”

“வெள்ளியில ஒரு மீனு?”

“ம்ஹும்.”

“ஒரு பக்கம் மட்டும் எடுத்துக்கட்டும். இன்னொரு பக்கம் அடுத்த வருஷம்.”

“மாதாகிட்டயே பேரமா? இப்பதானே ஊரைக் கூட்டிச் சொன்னீங்க, பின்வாங்கறவன் ஆம்பளை இல்லைன்னு?”

பாதிச் சவரத்தில் சவரிராயன் முகம் மலர்ந்துவிட்டது. நகர்ந்து மணையில் இடம் விட்டார். “வாங்க சகலை, வாங்க. காத்து நல்லாத்தான் படுது.”

அல்போன்ஸ் உட்கார்ந்தார். வேறு வழி? ஆனாலும் ரத்தத்தில் ஊறினது எங்கே போகும்? கத்தி மூக்குக்குக் கீழே வந்ததும் கடைசியாக ஒரு பேரமாவது ஜெயித்துவிட வேண்டும் என்று கன்னியப்பனின் கையைப் பிடித்தார்.

“இரு. ரெண்டு மீசை சேர்ந்தாப்பல வருது. கூலியைக் கொறைச்சுப் பேசு!”

“நேத்து சாயங்காலமே அம்மாங்க ரெண்டு பேரும் வந்து கொறைச்சுட்டுத்தான் போனாங்க ஐயா,” என்றான் கன்னியப்பன். “மீனு மாட்டினா அக்காவோட நேர்த்தி, மாட்டாட்டி தங்கச்சியோட நேர்த்தி, எப்படியும் மீசை ரெண்டு நிச்சயம்னு சொன்னாங்க.”